டேரலுக்கு நாவூறு

எங்கள் நியூ லின் வீட்டின் பின்னறையில் டேரல் வாடகைக்கு இருந்தான். ஆஸ்திரேலியப் பழங்குடிப் பிள்ளை. தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, காப்பகம் காப்பகமாக வளர்ந்தவன். ரக்பி விளையாட ஆக்லாந்து வந்திருந்தான். 1996 இறுதியாட்டத்தில் அவனால்தான் அணி கிண்ணத்தை வென்றது. மைதானமே எழுந்து நின்று அவன் பெயரைக் கூவியது.

வீடு திரும்பியவனை வாசலிலேயே மறித்தேன். செத்தல் மிளகாயையும் உப்பையும் அவன் தலையைச் சுற்றி, அடுப்பில் போட்டேன். புகை அலாரம் அலறியது.

"இவனுக்கு ஏனப்பா நாவூறு?" கணவர் இருமினார்.

"அவ்வளவு சனத்தின்ரை கண்ணும் இவனிலைதானே! பேசாமல் இருங்கோ."

பொறாமைக் கண் படாமலிருக்கத்தான் இது என்று டேரலுக்கு ஆங்கிலத்தில் விளக்கினேன்.

"என்னைப் பார்த்தா பொறாமை?" என்று சிரித்தான். பிறகு மெதுவாகத் தலையைக் குனிந்தான்.

"இன்னொருக்கால் சுத்துங்கோ, அன்ரி."