பத்திரிகையில் வந்த படம்

லோகாம்பாள் திருப்பூர்ப் பெண்கள் பள்ளி ஒன்றில் கூடைப்பந்துப் பயிற்சியாளர். பந்தே கதியென்று கல்யாணத்தைக்கூடத் தள்ளிப்போட்டவள். வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருஷம் கழித்து, 1972-இல்தான் அவள் அணி முதல் கோப்பையை வாங்கியது. பூரிப்பில் அணியின் படத்தைப் பத்திரிகை ஆபீசுக்கு அவளே கொண்டுபோய்க் கொடுத்து, தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை படம் வந்தது. திங்கட்கிழமை பயிற்சிக்கு ஒரு பெண்ணும் வரவில்லை.

மறுநாள் காலையில் கேப்டன் தெய்வானையின் வீட்டுக்குப் போனாள். தெய்வானையின் அப்பா சென்னியப்பன் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அணியின் ஜெர்சிகளை ஆசையாய் வெட்டிக்கொடுத்தவரே அவர்தான்.

"படத்துல புள்ளைக போட்டிருக்கறது நீங்க வெட்டுன துணிதானுங்களே?" என்றாள் லோகாம்பாள்.

"ஆமாங்க டீச்சர். ஆனா மைதானத்துல பொம்பளைகதானுங்க பாத்தாங்க. இப்ப டீக்கடையில அத்தனை பேரும், 'உம்பட புள்ள பனியனோட நிக்குது'ங்கறானுங்க." அவர் தலை நிமிரவில்லை. "காப்பி குடிச்சுட்டுப் போங்க."

தெய்வானை வெளியே வரவே இல்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு லோகாம்பாள் ஆளில்லாத மைதானத்தில் வழக்கம்போல விசில் ஊதினாள். பந்தைச் சுவரில் அடித்தாள். திரும்பி வந்ததை அவளே பிடித்தாள். பிடித்த வேகத்தில், "பாஸ் பண்ணு!" என்று கத்தினாள். பிறகு பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.