எதிரே வந்தவள்

"கையெழுத்தப் போடு," என்று காகிதத்தைத் தள்ளினான் காத்தவராயன்.

கலைமகள் படித்தாள். ஊருக்கு வெளியே, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக் கம்பெனியில் அவள் புருஷன் இளம்பரிதி இயந்திரத்தில் சிக்கிச் செத்து நான்கு மாதம் ஆகிறது. வீட்டில் ஒருவருக்கு வேலை தருவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். விண்ணப்பத்தில் இருந்ததோ புருஷனின் அண்ணன் காத்தவராயனின் பெயர். கீழே, 'இறந்தவரின் மனைவியாகிய எனக்கு ஆட்சேபனை இல்லை.'

"வேல எனக்குத்தான மாமா? நானே போய்க் குடுக்கறேன்."

"தாலியறுத்தவ போய் நின்னா வெளங்குமா? நல்ல காரியம்டி இது."

"அவரு செத்ததாலதான மாமா இந்த வேலையே?"

காத்தவராயன் கத்தவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. பேனாவை எடுத்து அவள் பெயரைத் தானே நிதானமாக எழுதினான்.

"உன் கையெழுத்த அங்க எவன் பாத்தான்? வாயத் தொறந்த, புள்ளயோட தெருவுலதான் நிப்ப. ராகு காலம் வரதுக்குள்ள கெளம்பணும். உள்ள போ."

உள்ளே போவது அவளுக்குப் பழகிவிட்டது. யார் வெளியே கிளம்பினாலும் அவள் முகம் தெரியக்கூடாது என்பது இந்த வீட்டுச் சட்டம். நல்ல சட்டம்!

தானே எழுதிய விண்ணப்பத்தை ஒரு வாரமாக அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள். தபாலில் போட்டால் பதில் இவன் கைக்குத்தான் வரும். யூனியன் தலைவரிடம் கொடுக்கலாமென்றால் அவர் இவனோடு குடிக்கிறவர். நேரில் போக வேண்டியதுதான். ஆனால் இவனிடம் பைக் இருக்கிறது. இவன் முந்திவிட்டால் எல்லாம் போச்சு.

வாசலில் பைக் உறுமியது. காத்தவராயன் மனைவி தீபலட்சுமி சகுனத்துக்காக நிறைகுடத்தோடு எதிரே வந்தாள். கலைமகள் அரிசிப் பானையிலிருந்து தன் காகிதத்தை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தாள்.

அவர்கள் குடியிருந்த குருசுக்குப்பத்துத் தெருமுனையில் அவன் திரும்பியபோது, கலைமகள் வெறும் நெற்றியோடு நேர் எதிரே நடந்து வந்தாள்.

பிரேக் கிறீச்சிட்டது. "சனியனே! இப்பத்தான் வரணுமா?"

அவன் நேராகப் போயிருக்கலாம். போகவில்லை. காறித் துப்பிவிட்டு வண்டியைத் திருப்பினான். வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தபோது ராகு காலம் பிறந்துவிட்டது. தீபலட்சுமி வாசலை மறித்துக்கொண்டாள்.

"இந்த நேரத்துலயா போவ? முடியட்டும், இரு."

அந்த ராகு காலத்தில்தான் கலைமகள் ஷேர் டெம்போவில் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

கம்பெனியில் மேனேஜர் அவள் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தார்.

"ஆட்சேபனை இல்லன்னு ஒரு காகிதம் வரும் சார். அதுல இருக்கறது என் கையெழுத்து இல்ல," என்று சொல்லி, அவர் கண்முன்னே கையெழுத்துப் போட்டாள்.

"உங்க வீட்டுக்காரரோட அண்ணன் வரேன்னு போன் பண்ணாரே, எங்கம்மா?"

"கெளம்புனாரு சார். என்னப் பாத்துட்டுத் திரும்பிப் போய்ட்டாரு."

மேனேஜருக்குப் புரியவில்லை. விண்ணப்பத்தில் முத்திரை குத்தினார்.

சாயங்காலம் அந்த வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். தெருவில் நிறுத்துவேன் என்று காத்தவராயன் சொன்னதை அவள் மறக்கவில்லை. ஆனாலும் முன்வாசல் வழியாகவே போவது என்று முடிவு செய்துகொண்டாள்.