லென்ஸில் ஒட்டிய பிளாஸ்திரி

மன்னிப்புக் கடிதத்தை அலுவலகத்தில் அவர்களே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. 'கேமராவின் மேல் பிளாஸ்திரி ஒட்டியது என் கவனக்குறைவால் நேர்ந்தது' என்று முதல் வரி. கவனக்குறைவாக யாராவது பிளாஸ்திரி ஒட்டுவார்களா? அளவு பார்த்துக் கிழித்து, நாலு பக்கமும் அழுத்தினால்தான் அது நிற்கும். இதைச் சொன்னதும் எங்கள் மண்டல மேலாளர் ரெங்கராஜ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அவருக்குக் கண்ணாடி அழுக்காகிவிடும்.

"கலைமதி, கையெழுத்துப் போட்டா மெமோவோட முடிஞ்சிடும். போடலேன்னா வேலைக்கே உத்தரவாதம் இல்ல. விசாரணைக்கு ஆஸ்பத்திரிக்காரங்களும் புகார் கொடுத்தவரும் வந்துக்கிட்டிருக்காங்க, யோசிச்சுக்கம்மா" என்றார்.

எட்டு வருடமாக ஆம்புலன்ஸில் இருக்கிறேன். முன்னால் இன்னாசிராஜ் அண்ணன் ஓட்டுவார், பின்னால் நோயாளியோடு நான். போன வருடம்தான் நெஞ்சில் மாட்டிக்கொள்ள இந்தக் கேமராவைக் கொடுத்தார்கள். கிளம்பும்போது போட வேண்டும், ஆஸ்பத்திரியில் ஆளை ஒப்படைக்கும்வரை அணைக்கக் கூடாது. நான் அதை வேண்டாம் என்று சொன்ன ஆள் இல்லை. லால்குடி பக்கம் விபத்தில் அடிபட்ட ஒரு பாட்டியின் தோட்டைக் காணோம் என்று அவர் சொந்தக்காரர்கள் என் சட்டைப் பையில் கைவிட வந்தார்கள். தோடு அதற்கு முன்பே மருமகள் கைக்குப் போய்விட்டதைக் கேமராதான் காட்டியது. அன்றைக்கு அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை.

ஆனால் பிரசவத்துக்கு வரும் பெண்ணின் புடவையை விலக்கும்போது அது என் நெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் படத்தை எந்த ஊர் அலுவலகத்தில் எத்தனை ஆண்கள் பார்ப்பார்கள் என்று கேட்டால், பாதுகாப்பாக இருக்கும் என்பார்கள். யாருக்குப் பாதுகாப்பு? அதனால் ஆம்புலன்ஸில் இருக்கும் பெண்கள் நாங்கள் எல்லாருமே ஒரு வேலை செய்வோம். பிளாஸ்திரித் துண்டு ஒன்றைச் சட்டைக் கையில் தயாராக ஒட்டி வைத்திருப்போம். புடவையை விலக்கும் முன் அது லென்ஸுக்குப் போகும். போர்த்தியதும் திரும்பக் கைக்கு வரும். குரல் பதிவாகிக்கொண்டே இருக்கும், படம் மட்டும் இருக்காது.

போன மாதம் ஒரு காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து அழைப்பு. ஹம்ஸா என்று பெயர், இருபத்தெட்டு வயது, நிறைமாதம், பனிக்குடம் உடைந்துவிட்டது. கணவர் அபிராம் வங்கியில் வேலை பார்க்கிறவர். முன்னால் இன்னாசிராஜ் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இடையில் கண்ணாடித் தடுப்பு. மாம்பழச்சாலை சிக்னலில் நிற்கும்போது பிளாஸ்திரியை ஒட்டிவிட்டுப் பரிசோதித்தேன். எந்தப் பிரசவமானாலும் நாங்கள் கேட்கிற கேள்வியைக் கேட்டேன்: இது எத்தனாவது?

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"ரெண்டாவது. கல்யாணத்துக்கு முன்னாடி ஒண்ணு, அஞ்சு மாசத்துல போயிடுத்து. அவருக்குத் தெரியாது. எழுதாதீங்கோ."

நான் குனிந்திருந்ததால் கேமரா அவள் வாய்க்கு நாலு விரல் தூரத்தில் தொங்கியது. படிவத்தில் கணவர் கையெழுத்துப் போட வேண்டும். நான் 'முதல் பிரசவம்' என்று எழுதினேன். பிறகு டாக்டரின் காதில் மட்டும் உண்மையைச் சொன்னேன். ஆக, என் கையால் எழுதிய ஒரு பொய் அந்தப் படிவத்தில் இன்றைக்கும் இருக்கிறது.

தில்லை நகரில் ஒன்பது மாதமாக அவர்கள் காட்டி வந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். போய்ச் சேர்ந்தபோது குழந்தையின் இதயத் துடிப்பு எனக்குக் கேட்டது. வாசலில் நர்ஸ் வந்து, டாக்டர் இன்னும் வரவில்லை, வண்டியிலேயே இருக்கட்டும், ரெண்டு நிமிஷம் என்றாள். அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறோம் என்று நான் சொல்லச் சொல்ல, இதோ வந்துவிட்டார், இதோ வந்துவிட்டார் என்றாள். அபிராம் பதறிப்போய் உள்ளே ஓடியவர், பணம் கட்டும் இடத்திலேயே நின்றுவிட்டார். அந்த ரெண்டு நிமிஷம் இருபத்தாறு நிமிடமானது. வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும். திருப்பாதது என் தப்பு, அதை யார் கேட்டாலும் சொல்வேன். உள்ளே கொண்டுபோன பிறகு பிறந்த குழந்தை அழவில்லை.

அந்தக் களேபரத்தில் பிளாஸ்திரியை எடுக்க மறந்துவிட்டேன். வாசலில் நின்ற இருபத்தாறு நிமிடமும் கறுப்பு. தாங்கள் ஸ்ட்ரெச்சரோடு தயாராக இருந்ததாகவும், நான்தான் வண்டியிலேயே பிரசவம் பார்க்கிறேன் என்று பிடிவாதம் பிடித்ததாகவும் ஆஸ்பத்திரி சொன்னது. அவர்கள் வாசல் கேமரா அந்த வாரம் பழுதாம். இன்னாசிராஜ் அண்ணன் சொன்னதை, கூட வேலை பார்ப்பவர் அப்படித்தான் சொல்வார் என்று ஒதுக்கிவிட்டார்கள். அபிராம் அதை நம்பி என்மேல் புகார் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. குழந்தையைப் பறிகொடுத்தவருக்கு யாராவது ஒருவர்மேல் கோபப்பட வேண்டும்.

பதினொரு மணிக்கு எல்லாரும் வந்தார்கள். ஆஸ்பத்திரியின் நிர்வாக அதிகாரி, அபிராம், அவர் பின்னால் ஹம்ஸா. அவள் வருவாள் என்று நான் நினைக்கவில்லை. முகம் வெளுத்து, கழுத்து நரம்பு தெரிந்தது. நான் அவள் பக்கமே பார்க்கக் கூடாது என்று முடிவு செய்து, மேசைமேல் இருந்த கடிதத்தைப் பார்த்தேன். பேனாவை எடுத்து 'கவனக்குறைவால்' என்பதை அடித்துவிட்டு 'தெரிந்தே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ரெங்கராஜ் சார் கண்ணாடியைக் கழற்றினார்.

அதை வாங்கிப் படித்த ஆஸ்பத்திரி அதிகாரி, தெரிந்தே மறைத்ததாக இவரே ஒப்புக்கொள்கிறார் என்றார். குரல் இருக்கிறதே, அதைப் போட்டால் தெரிந்துவிடுமே என்றார் ரெங்கராஜ் சார். விசாரணையில் எல்லார் முன்னாலும்தான் போட வேண்டும் என்பதால் அதை இதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. அவர் எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்.

வண்டி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்த பிறகு உள்ளதை மட்டும் போடுங்கள் என்றேன். வெட்டிப் போட்டால் ஆம்புலன்ஸ்காரர்களுக்குச் சாதகமாக வெட்டியதாக எழுதிக் கொடுப்பேன் என்றார் ஆஸ்பத்திரி அதிகாரி. விதியும் அப்படித்தான், முழுதாகப் போடு, இல்லையென்றால் போடாதே. அந்த விதியில் தப்பும் இல்லை. வெட்டிய பதிவை நானே நம்ப மாட்டேன்.

"அப்ப போட வேணாம் சார். உங்களுக்குத் தோணுறத எழுதிக்குங்க" என்றேன்.

இந்த வேலையில்தான் என் வீடு ஓடுகிறது. அபிராம் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்து, நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்றால் கேட்பதற்கு என்ன பயம் என்றார். நியாயமான கேள்வி. பதில் அவர் பின்னால் உட்கார்ந்திருந்தது. என்னைக் கல்நெஞ்சக்காரி என்று அவர் நினைத்தாலும் நினைக்கட்டும். ஒரு பெண் என் காதில் சொன்னதை விற்று நான் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள மாட்டேன்.

"போடுங்கோ" என்றாள் ஹம்ஸா.

எல்லாரும் திரும்பினார்கள். நான் முடிவை மறந்து அவளைப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையசைத்தேன்.

"அவா எனக்காக வாயை மூடிண்டிருக்கா. நானும் பயந்துண்டு இத்தனை நாள் சொல்லாம இருந்துட்டேன். அந்த வாசல்ல நான் எத்தனை நாழி கத்தினேன்னு எல்லாரும் கேக்கட்டும். முழுசாவே போடுங்கோ, ஒரு வார்த்தை வெட்ட வேண்டாம்."

நாற்காலியை முன்னுக்கு இழுத்து, கணவருக்குப் பக்கத்தில், அவர் முகம் தெரியும்படி உட்கார்ந்தாள். ரெங்கராஜ் சார் பட்டனை அழுத்தினார். கொஞ்ச நேரம் படம் ஓடியது: அவர்கள் வீட்டு மாடிப்படி, ஸ்ட்ரெச்சர், அவள் நெற்றியில் என் கை. பிறகு என் விரல் பெரிதாக வந்து திரையை மூடியது. கறுப்பு. சைரன் சத்தம், அவளுடைய மூச்சு. அதற்கு மேலே என் குரல், அவ்வளவு சாதாரணமாக: "பயப்படாதீங்கம்மா, இது எத்தனாவது?"

அபிராம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹம்ஸா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாவது" என்றாள், அறை முழுக்கக் கேட்கும்படி.

ஒரு நொடி கழித்து அதே சொல் கறுப்புக்குள்ளிருந்து ரகசியமாக வந்தது. அபிராம் மெல்லத் திரும்பினார். யாரும் அதை நிறுத்தவில்லை. திரையின் அடியில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆஸ்பத்திரி வாசலுக்கு இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது.