முதுகில் வந்த பட்டன்

சரக்குக் கிடங்கின் எடைமேடைக் கம்ப்யூட்டரில் காணாமல் போன பட்டன், நான்கு மைல் தள்ளி வீட்டு முற்றத்தில் துணி பிழிந்துகொண்டிருந்த ஒருத்தியின் முதுகில் வந்திருந்தது. தீப்பெட்டி அளவு, சாம்பல் நிறம், நடுவில் ‘சீட்டு அடி’ என்ற எழுத்து. கழுத்துக்கும் இடது தோள்பட்டைக்கும் நடுவே, அவளுடைய இரண்டு கையும் எட்டாத இடம். அவள் வாளியை எடுக்கக் குனிந்தபோது, விரிப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த அவளுடைய அம்மாதான் முதலில் பார்த்தாள். மை ஒட்டியிருக்கிறது என்று நினைத்துச் சோப்புத்தூளைக் குழைத்துத் தேய்த்தாள். போகவில்லை. அரை நிமிஷம் கழித்துத் தானாகப் போயிற்று. அம்மாவும் மகளும் அடுத்த விரிப்பை எடுத்து ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கினார்கள். மூன்று மணிக்குள் விடுதிக்கு அறுபது விரிப்பு போயாக வேண்டும். முதுகைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கு நேரம்.

அந்தப் பட்டனைச் செய்தவர் அவளுடைய கணவர். கிடங்குகளுக்கும் மர டிப்போக்களுக்கும் புரோகிராம் எழுதிக் கொடுத்து, மக்கர் செய்தால் போய்ப் பார்க்கிற ஒரு சின்னக் கம்பெனியில் பதினோரு வருஷமாக இருந்தார். எல்லோருக்கும் அவர் பழுதுக்காரர். மாமியார்கூடப் பக்கத்து வீட்டில் பேசும்போது அப்படித்தான் சொல்வாள். அவருடைய அப்பா செங்கல் சூளையில் மண் மிதித்தவர். வேலை முடிந்தவன்தான் சிரிக்கலாம் என்பது அந்த வீட்டின் சட்டம். அங்கே யாருக்கும் வேலை முடிந்ததே இல்லை. அந்தச் சட்டத்தை அவர் கல்யாணத்துக்குப் பிறகும் கைவிடவில்லை. ஒன்பது வருஷத்தில் மனைவி அவர் எதிரில் வாய்விட்டுச் சிரித்தது இரண்டு தடவை. அதில் ஒன்று அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தபோது.

கிடங்கின் கோளாறு பிடிபடாத கோளாறு. லாரி மேடையில் ஏறி நிற்கும், எடை வரும், பட்டன் இருக்க வேண்டிய இடம் மட்டும் துடைத்துவிட்ட மாதிரி வெறுமையாக இருக்கும். பட்டன் இல்லாவிட்டால் சீட்டு இல்லை, சீட்டு இல்லாவிட்டால் வாசல் திறக்காது. வாரத்தில் மூன்று நாள் வரும், நான்கு நாள் வராது. பழுதுக்காரர் திரையை மாற்றினார். நாலு நாள் ஒழுங்காக இருந்தது. வயரை மாற்றினார், நாலு நாள். நிறங்களைக் குறைத்தார், கூட்டினார், ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினார். ஒவ்வொரு தடவையும் ‘சரி செய்யப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். ஐந்தாம் நாள் போன் வரும். அவர் போய் எதிரில் உட்கார்ந்தால் மட்டும் பட்டன் விருந்தாளி வந்த வீட்டுப் பிள்ளை மாதிரி அடக்கமாக இருக்கும்.

காய்ச்சலில் அவர் வீட்டில் படுத்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கிடங்கிலிருந்து போன் வந்தது. பேசியது எடைக்காரர், மேடையின் கம்ப்யூட்டரில் உட்காருகிறவர். குரலில் பழக்கமே தவிர நேரில் அவ்வளவாகக் கவனித்ததில்லை. பட்டன் மறுபடி போய்விட்டது என்று அவர் சொல்லும்போதே பழுதுக்காரர் ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தார். மனைவியின் முதுகில் அவருடைய பட்டன் இருந்தது. எழுத்தின் வளைவு வரைக்கும் அவர் தேர்ந்தெடுத்ததுதான்.

“நீங்க படுத்துக்குங்க சார், நான் பாத்துக்கறேன்” என்றார் எடைக்காரர். “அது இருக்கிற இடத்துல மவுஸை வெச்சு லேசாத் தடவிக் குடுத்தா வந்துரும். வெக்கப்படுது, அவ்வளவுதான்.”

முற்றத்தில் மனைவி சிரித்தாள். முதலில் தோளைக் குறுக்கினாள், பிறகு கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தாள், பிறகு விரிப்பின் முனையைச் சேற்றில் விட்டுவிட்டு, இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். முதுகில் பட்டன் மறைந்தது. “வந்துருச்சு சார்” என்றது போன்.

பழுதுக்காரருக்குக் காய்ச்சல் அன்றைக்கே விட்டுவிட்டது. வேறொன்று பிடித்துக்கொண்டது. இத்தனை நாள் கோளாறுக்காக வைத்திருந்த நோட்டில் இப்போது இரண்டு பத்தி போட்டார்: கிடங்கில் எத்தனை மணிக்குப் போயிற்று, வீட்டில் எவ்வளவு நேரம் சிரித்தாள். தான் வேலைக்குப் போகிற நாட்களில் கவனித்துச் சொல்லும்படி மாமியாரிடம் கேட்டுக்கொண்டார். அந்த அம்மாள் ஈரக் கையை நீட்டிக் காட்டினாள். “மாப்பிள்ள, அவ முதுகைப் பாக்க ஆள் வேணும்னா நீங்க வந்து இந்த முனையப் புடிங்க. நான் ஒக்காந்து நல்லாப் பாத்துச் சொல்றேன்.” இருந்தாலும் சொல்லத்தான் செய்தாள். சேற்றில் விழுந்த விரிப்புகளை அவள்தான் மறுபடி அலச வேண்டியிருந்ததால் கணக்குத் தப்பவில்லை. வாரத்துக்கு மூன்று, சில வாரம் நாலு. நோட்டின் இரண்டு பத்தியும் நிமிஷம் பிசகாமல் ஒத்துப்போயின.

ஒருநாள் சாப்பிடும்போது மனைவியிடமே கேட்டார், எப்படி இருக்கும் என்று. யாரோ விரல் நுனியால் தூசி தட்டுகிற மாதிரி இருக்கும் என்றாள். யார் என்று கேட்டார்.

“எனக்கென்னங்க தெரியும். நல்ல மனுஷனாத்தான் இருக்கணும்.”

“அதெப்படித் தெரியும்?”

“அவசரமே இல்லையே” என்று சொல்லிவிட்டு அவருக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

அந்தக் குழம்பைத் தொடாமலே அவர் எழுந்து கை கழுவினார். மறுநாளிலிருந்து கிடங்கே கதி என்று கிடந்தார். எடைக்காரரை இப்போதுதான் ஏற இறங்கப் பார்த்தார். குட்டையான ஆள், முன் வழுக்கை, சட்டைப் பையில் மூக்குப்பொடி டப்பா. பொறாமைப்பட ஒன்றும் இல்லை என்று ஆறுதலாக இருந்தது, அவர் மவுஸைப் பிடிக்கும் வரைக்கும். தூங்குகிற குழந்தையின் கன்னத்தில் ஒட்டிய சோற்றுப் பருக்கையை எடுக்கிற மாதிரிப் பிடித்தார். பழுதுக்காரர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

எட்டு நாள் நோட்டும் கையுமாக மேடை ஓரத்தில் நின்றார். எட்டு நாளும் கோளாறு வரவில்லை, வீட்டில் சிரிப்பும் இல்லை. ஒன்பதாம் நாள் மூட்டை தூக்குகிறவர்களின் மேஸ்திரி அவரைத் தனியே கூப்பிட்டு, வரி அதிகாரி என்று நினைத்து ஓட்டுநர்களெல்லாம் பயப்படுகிறார்கள், மேடையில் தடால் தடால் என்று பிரேக் போட்டுவிட்டு ஓடப் பார்க்கிறார்கள் என்று சொன்னார். பழுதுக்காரர் நோட்டை வீட்டில் வைத்தார். பழைய சட்டையும் தலையில் துண்டுமாக வந்து மூட்டை தூக்குகிறவர்களோடு, திரை தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். அப்பாவின் தோள் அவருக்கும் இருந்ததால் யாரும் இரண்டாம் தடவை திரும்பிப் பார்க்கவில்லை. கால்மணி நேரத்தில் ஒரு பெரியவர் லாரியைப் பூப்போல மேடையில் நிறுத்தினார். எடை ஆடாமல் சட்டென்று நின்றது. ‘எடை வருகிறது, பொறுங்கள்’ என்ற சின்னக் கட்டம் மூடுகிற அதே நொடியில் எடையும் வந்து சேர, கட்டத்துக்கு அடியில் இருந்த பட்டன் தன்னை மறுபடி வரைந்துகொள்ள மறந்தது. இவ்வளவுதான். மெதுவாக நிறுத்துகிற ஓட்டுநர்கள் வந்தால் கோளாறு. முரட்டுத்தனமாக நிறுத்தினால் இல்லை. எடைக்காரர் வெற்றிடத்தின் மேல் மவுஸை மிதக்கவிட்டார். பழுதுக்காரர் வீட்டுத் திசையைப் பார்த்தபடி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார்.

கம்பெனிக்குப் போய்ப் புரோகிராமைத் திறந்தார். அந்த இடத்தில் இரண்டு வரி விட்டுப்போயிருந்தது. பக்கத்தில் அவரே எழுதி வைத்திருந்த தேதி அவருடைய கல்யாண தேதி. அன்று காலை மண்டபத்துக்கே போன் செய்து கிடங்குக்காரர்கள் அவசரப்படுத்த, மாலையைக் கழற்றி நாற்காலியில் தொங்கவிட்டு, முக்கால் மணி நேரம் உட்கார்ந்து முடித்தது. அந்த முக்கால் மணி நேரமும் மணப்பெண் சுவருக்கு அந்தப் பக்கம் முதுகு வலிக்க உட்கார்ந்திருந்தாள். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு வரியை எழுதினார்.

அதன் பிறகு கிடங்கில் எந்த லாரியும் சீட்டுக்காகக் காத்து நிற்கவில்லை. கம்பெனி முதலாளி தோளில் தட்டினார். மாமியார் சேற்றிலிருந்து விரிப்பு பொறுக்குவது நின்றது. மனைவியின் முதுகு எல்லோருடைய முதுகையும் போல ஆயிற்று. முதல் வாரம் பழுதுக்காரர் வயிறு நிறையச் சாப்பிட்டார். இரண்டாம் வாரம் ஒரு விடுப்பு நாளில் ஜன்னல் வழியாகப் பார்த்தார். காலை வேலையின் நடுவில் அவள் விரிப்பைப் பிடித்தபடி நின்றாள். தலைமுடியை வலது பக்கம் ஒதுக்கி, கழுத்தின் இடப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, காது கேட்காதவள் தலையைச் சாய்க்கிற மாதிரிச் சாய்த்து நின்றாள். அம்மா முனையை வெடுக்கென்று இழுத்ததும் முறுக்கத் தொடங்கினாள். மறுநாளும் நின்றாள். ஒரு வருஷம் போயிற்று, அப்போதும் நின்றாள். வந்த கையை இரண்டு வரியில் நிறுத்திய மனிதருக்கு, அவள் காத்துக்கொண்டு நிற்பதை நிறுத்த எதை எழுதுவதென்று தெரியவில்லை. வராத ஆள்மேல் இருந்த பொறாமை, வந்துகொண்டிருந்த ஆள்மேல் இருந்ததைவிடக் கனமாக இருந்தது. முடி நரைத்தது. ஒரு பக்கத்துப் பல் ஆடியது.

பதினான்காம் மாதம், கம்பெனியில் தன் மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டரில் மட்டும் அந்த இரண்டு வரியை எடுத்துவிட்டார். லாரி இல்லாமலே எடை வந்ததாக அதை நம்ப வைத்தார். பட்டன் போயிற்று. மவுஸை எடுத்து வெற்றிடத்தின் மேல் அழுத்தித் தேய்த்தார்.

மாலையில் மாமியார் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். காலையில் மகள் ‘ஐயோ’ என்று அலறி முதுகில் தட்டிக்கொண்டதாகவும், பிறகு அரை மணி நேரம் யோசனையாக இருந்ததாகவும் சொன்னாள். உள்ளே மனைவி காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

“பழைய ஆள் இல்ல” என்றாள் அவரைப் பார்க்காமலே. “புதுசா யாரோ. செங்கல் தேய்க்கிற கை. பாவம், பழகினா சரியாயிடும்.”

அவர் பழகினார். பிரிண்டரைப் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு எடைக்காரருக்குப் பின்னால் நாள் முழுக்க நின்று, அந்த மணிக்கட்டு மேஜையைத் தொடாமல் போய்வருவதைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டுதான் பார்த்தார். தினமும் பதினொன்று பத்துக்குத் தன் மேஜையில் உட்கார்ந்து மூச்சை அடக்கிக்கொண்டு செய்து பார்த்தார். நான்கு மாதத்தில் அவள் புன்னகைத்ததாகத் தகவல் வந்தது. ஒரு வருஷத்தில் சிரித்தாள். மூன்றாம் வருஷம், பழைய ஆளைவிட இவன்தான் தேவலாம், கெட்டிக்காரன் என்று அம்மாவிடம் சொன்னாள். மாமியார் அதை அப்படியே மாப்பிள்ளை காதில் போட்டாள். நான்தான் அது என்று சொல்ல அவர் எத்தனையோ தடவை வாயைத் திறந்தார். சொன்னால் சிரிப்பு நின்றுவிடுமோ என்று மூடிக்கொண்டார். அதோடு, அந்தக் கெட்டிக்காரனை அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. பதினொன்று பத்துக்கு மட்டும் வேலை செய்கிறவன், அரை நிமிஷம் தொட்டுவிட்டுப் போகிறவன். வாடகைக்கும் மருந்துக்கும் அலைவது இவர். வீட்டில் வலது கையைப் பெரும்பாலும் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி இல்லாத நாள், அவள் கூந்தலை ஒதுக்கிக்கொண்டு அவர் முன்னால் வந்து உட்கார்ந்தாள். அந்த இடத்தில் அரிக்கிறது, கை எட்டவில்லை, கொஞ்சம் சொறிந்துவிடுங்கள் என்றாள். அவர் கையைப் பையிலிருந்து எடுத்தார். விரல்கள் தாமாகவே லேசாகி மிதக்கப் பார்த்தன. அதை அவர் கண்டுகொண்டார். விரலை மடக்கி, அழுத்தி, சூளையில் கரி சுரண்டுகிற மாதிரிச் சொறிந்தார்.

“விடுங்க, விடுங்க” என்று அவள் தோளை விலக்கிக்கொண்டாள். “உங்க கைக்கு அதெல்லாம் வராது.”

“ஆமா, வராது” என்றார் அவர்.

திங்கட்கிழமை பதினொன்று பத்துக்கு வழக்கம்போல மேஜையில் உட்கார்ந்து மவுஸை எடுத்தார்.