ஆறு மணி இருபது நிமிடம்

மாஸ்கோவிலிருந்து ஓஷுக்கு விமானத்தில் நான்கு மணி இருபது நிமிடம். அங்கிருந்து ஊருக்குக் காரில் இரண்டு மணி நேரம். புருல் காரிலிருந்து இறங்கியபோது அப்பா இறந்து ஒரு நாள் ஆகியிருந்தது.

முற்றத்தில் எழுப்பியிருந்த கம்பளிக் கூடாரத்தின் வாசலில் வழக்கப்படி ஆண்கள் கோல் ஊன்றி நின்று அழுதுகொண்டிருந்தார்கள். அண்ணன் எர்கின் தன் கோலைச் சாய்த்துவிட்டு வந்து அவளுடைய பையை வாங்கிக்கொண்டான்.

"மத்தியானத் தொழுகை முடிஞ்சதும் எடுக்கிறோம். உனக்காகத்தான் நேத்தே எடுக்கல."

"பேசினாரா?"

"உன்னைத்தான் கேட்டாரு. வியாழன் வரைக்கும் சீட்டே இல்லையாம்னு சொல்ல மனசு வரல. கிளம்பிட்டான்னு சொல்லிட்டேன். இப்ப எங்க வர்றா, இப்ப எங்க வர்றான்னு ஒரே நச்சரிப்பு. லாரி ஓட்டின மனுஷன், கணக்கு விடமாட்டாரே. ரெண்டு நாளா உன்னைப் பாதி வழியில, ஆரல் கடல் மேலயே நிறுத்தி வெச்சிருந்தேன்."

எர்கின் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

போன வருடம் இரண்டு முறை இப்படி அழைப்பு வந்து ஓடி வந்திருந்தாள். இரண்டு முறையும் அப்பா எழுந்து உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "உன்னைப் பாத்ததும் சாவு பயந்து ஓடிருச்சு" என்றார். இரண்டாம் முறை திரும்பிப் போனபோது அவள் வேலை பார்க்கும் கிடங்கின் மேற்பார்வையாளன், இன்னொரு தடவை போனால் அப்படியே போய்விடு என்றான். இந்தத் திங்கட்கிழமை எர்கின் கூப்பிட்டதும் அவள் செல்போனில் விமானங்களைத் தேடினாள். பிறகு எர்கினைத் திரும்ப அழைத்து, வியாழன் வரை இடமில்லை என்றாள்.

கூடாரத்துக்குள் பெண்கள் சுவரைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் அப்பா. சோனுன் அத்தை நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"தினம் மூணு பிளேன் வருது. ஒத்தப் பொண்ணுக்கு இடமில்லையாம்" என்றாள் சித்தப்பா மருமகள், சுவரிடம் சொல்வதுபோல.

"நீ வாயை மூடு. வெயில் காலம், ஊரே லீவுக்கு வருது. அவ என்ன பண்ணுவா?" அத்தை புருலின் முதுகைத் தடவினாள். "ஒப்பாரி எடு கண்ணு. முதல்ல ஏன் பிந்தி வந்தேன்னு அப்பாகிட்ட சொல்லிடு. மண்ணுக்குப் போறவரு மனத்தாங்கலோட போகக் கூடாது."

அத்தையே முதல் அடியை எடுத்துக் கொடுத்தாள்.

"பறந்து வர நெனச்சேனே, பாவிங்க இடம் தரலையே..."

பெண்கள் அதை வாங்கிப் பாடி, அவளுக்காக நிறுத்தினார்கள். வெளியே ஆண்களின் அழுகை மட்டும் கேட்டது. காற்றில் திரையின் அடி ஓரம் அசைந்தது.

புருல் வாயைத் திறந்தாள். ராகம் வரவில்லை. சாதாரணமாகப் பேசுகிற குரல்தான் வந்தது.

"இடம் இருந்துச்சுப்பா. திங்கக்கிழமை சாயங்காலமே இருந்துச்சு. பதினோரு சீட்டு."