கொக்கி எலும்பு

எலும்புப் பிரிவின் தலைமை மருத்துவருக்கு, அவர் காதுக்கு எட்டாத தூரத்தில், ‘கொக்கி’ என்று பெயர். தோள்வலி என்று எவர் வந்தாலும் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, “தோளோட மேல்நுனி எலும்பு கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கு. கீழே ஜவ்வை உரசி உரசிக் கிழிச்சிடும். சீவிடலாம்” என்பார், என்னமோ பென்சிலைச் சீவுவதுபோல. தட்டை எலும்புக்காரர்களுக்கும் ஜவ்வு கிழிகிறது, கொக்கியோடு பலர் சுகமாகத் திரிகிறார்கள் என்று ஆய்வுகள் சொன்னால், அவரைப் பொறுத்தவரை கோளாறு ஆய்வு செய்தவர்களிடம்.

கொஞ்ச நாளாக அவருக்கே வலது தோளில் வலி. சட்டை மாட்டுவதற்குள் உயிர் போய் வந்தது. ஆளில்லாத நேரம் பார்த்து எக்ஸ்ரே எடுத்தார். கொக்கி. பாடப்புத்தகத்தில் போடலாம், அவ்வளவு லட்சணம்.

அந்தக் கை போனால் ஆபரேஷன் அறையில் வேடிக்கைதான் பார்க்கலாம். சீவவும் பயம், விடவும் பயம். மானம் போகாமல் யோசனை கேட்க ஒரே வழிதான் இருந்தது. வாராந்திரக் கூட்டத்தில் பெயரை மறைத்து அந்தப் படத்தைத் திரையில் போட்டார்.

“நடுவயசு ஆண். என்ன செய்யலாம்?”

“கொக்கி, சார்! சீவிடலாம்” என்றார் உதவி மருத்துவர், வாயிலிருந்த பிஸ்கட்டை விழுங்காமலே.

“அவசரப்படாதீங்க. அவருக்குக் கையாலதான் பிழைப்பே.”

“அப்ப நாளைக்கே சீவிடலாம், சார்.”

தலைவர் மெல்ல நூல் விட்டுப் பார்த்தார். “தோளுக்குப் பயிற்சி கொடுத்துப் பாத்தா?”

மனுஷன் ஆழம் பார்க்கிறார் என்று எல்லோரும் உஷாரானார்கள். “சான்ஸே இல்ல, சார்! நீங்க சொல்லிக் கொடுத்ததை மறப்போமா?” ஊட்டி வளர்த்த பிள்ளைகள், ஏகமனதாகக் கத்தியோடு நின்றார்கள்.

சமீபத்தில் மாற்றலாகி வந்த பெண் மருத்துவர் மட்டும் கேட்டார்: “அவரை யாராவது தொட்டுப் பாத்தீங்களா?”

“அதான் படம் இருக்கே, மேடம்” என்றார் உதவி மருத்துவர்.

“படத்துக்கா வலிக்குது?”

தலைவர் திரையைச் சுட்டிக்காட்டக் கையைத் தூக்கினார். பாதியில் “அம்மா!” என்று அலறிவிட்டார். எல்லோரும் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

“கோட்டைக் கழட்டுங்க, சார்.” அந்த அம்மாள் அவர் கையைப் பக்கவாட்டில் நீட்டச்செய்து மேலிருந்து அழுத்தினார். “வலிச்சாலும் விடாதீங்க, தாங்குங்க.”

முனகினார். கை விழவில்லை.

“பலம் இருக்கு. ஜவ்வு முழுசாக் கிழிஞ்ச மாதிரி தெரியல. ஸ்கேன் எடுத்துடுவோம். முதல்ல பயிற்சிதான்.”

“அப்ப அந்த எலும்பு?”

“அது ரொம்ப வருஷமா அப்படித்தான் இருந்திருக்கும். சும்மாதானே கிடந்துச்சு.”

“நிச்சயமாச் சரியாயிடுமா?”

“பெரும்பாலும் ஆகும். நிச்சயம்னு சொல்ல முடியாது, சார்.”

ஒரு கையில் கோட் தொங்க, அவர் விடவில்லை. “இல்லம்மா, உங்க மனசுல பட்டதைச் சொல்லுங்க. சரியாயிடும்ல?”