இரண்டு மணிக் கட்டம்

“ஏறலைன்னு யாரு சொன்னது? எட்டு மணிக்கு ஏறினேன், ஒன்பதுக்கு ஏறினேன்—”

“ஒரு மணிக்கு?”

“பத்துக்கும் ஏறினேன். முதல்ல என்னைப் பேச—”

“ரெண்டு மணிக்கு? நான் கேக்கிறது அந்த ரெண்டு தடவையை மட்டும்தான்.”

“பேசவே விடமாட்டேங்கிற. அப்புறம் கேள்வி எதுக்கு?”

“காலையில முகம் கழுவிட்டு வந்து, துண்டை மூஞ்சியிலிருந்து எடுக்காமலே சொன்னீங்களே, ஏறலைன்னு. துண்டை எடுத்ததும் ஏறிட்டீங்களா?”

அவர் மனைவிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வலது முழங்காலைத் தடவினார். எந்த வழக்கிலும் அவர் முதலில் கூப்பிடும் சாட்சி அந்த முழங்கால்தான்.

“இருபத்தாறு படி. இரும்புப் படி. எட்டு மணி நேரத்துல எட்டுத் தடவை. நீ ஏறிப் பாரு.”

“ஏறுறதுக்குத்தான் உங்களை வச்சிருக்காங்க. என்னை இல்ல.”

அது உண்மைதான். ரசாயனத் தொழிற்சாலையில் ரியாக்டர் ஓட்டுபவர் அவர். இரண்டு ஆள் உயரத்துக்கு ஓர் எஃகு அண்டா. அதைச் சுற்றி இன்னொரு சுவர். இரண்டு சுவருக்கும் நடுவே குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். அண்டாவுக்குள் இரண்டாவது திரவத்தை விட ஆரம்பித்தால் அது தானாகவே கொதிக்கத் தொடங்கும். அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு போவது இந்தத் தண்ணீர். மற்ற எல்லாக் கணக்கும் கட்டுப்பாட்டு அறையின் திரையில் தெரியும். தண்ணீரின் அழுத்தம் மட்டும் தெரியாது. அதற்கு மேல்தளத்தில் ஒரு வட்ட மீட்டர் இருக்கிறது. மணிக்கு ஒரு தடவை ஏறிப்போய், முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, தாளில் அந்தந்த மணிக் கட்டத்தில் எழுத வேண்டும்.

“பன்னிரண்டு வருஷமா அது மூணுலதான் நிக்குது” என்றார். “சுவத்துல மாட்டின படம் மாதிரி. படத்தை மணிக்கு ஒருதடவை போய்ப் பார்ப்பாங்களா? எல்லாரும்தான் உட்கார்ந்த இடத்துலயே எழுதுறாங்க. பாம்பு தின்னுற ஊருக்குப் போனா நடுத்துண்டு எனக்குன்னுதான் சொல்லணும்.”

“நடுத்துண்டை நீங்க தின்னீங்க. முள்ளு என் தம்பி தொண்டையில நிக்குது.”

“அவனை நான் என்ன பண்ணினேன்? நான் மூடினேனா வால்வை?”

“அவன் மூடினானா?”

அவர் மறுபடியும் முழங்காலைத் தடவினார்.

“அன்னிக்குப் பன்னிரண்டரை மணிக்கு ஃபிட்டருங்க வந்து பக்கத்துக் குழாயைக் கழட்டி மாட்டினாங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. அவங்கதான் தண்ணி வால்வைப் பாதி மூடிட்டுத் திறக்காம போயிருக்கணும்னும் நீங்கதான் சொன்னீங்க. ஒரு மணிக்கு ஏறியிருந்தா முள்ளு இறங்கினது தெரிஞ்சிருக்கும். நீங்க பன்னிரண்டு மணிக்கே ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் சேர்த்து மூணு, மூணுன்னு எழுதி வச்சுட்டீங்க. ரெண்டு மணிக்கு அடுத்த ஷிப்டுக்கு அவன் வந்தான். ரெண்டேகாலுக்கு அந்தத் திரவத்தை விட்டான், சூடு ஏறி வெடிச்சிடுச்சு. இப்ப தாளைப் பார்த்தா என்ன தெரியும்? ரெண்டு மணி வரைக்கும் தண்ணி ஓடிச்சு. மூடினது அதுக்கப்புறம் வந்தவன்.”

“கொஞ்சம் மெதுவாப் பேசேன்.”

“எனக்கு மெதுவாப் பேச வராது. என்னைப் பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கே தெரியுமே உங்களுக்கு.”

“இன்னிக்கு மூணு மணிக்கு விசாரணை. அங்கே போய் நான் பொய்யா எழுதினேன்னு சொன்னா என்ன ஆகும் தெரியுமா? வேலை மட்டும் போகாது. கேஸு. ஆளு அடிபட்டிருக்கு.”

“அப்ப அவனுக்கு மட்டும் மாலை போட்டு அனுப்புவாங்களா?”

“அவனுக்கு வயசிருக்கு. வேற இடம் கிடைக்கும்.”

சொல்லி முடித்ததும் அவர் வாயே அவருக்குப் பிடிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் அடுப்பை அணைத்தாள். “நான் போய்ச் சொன்னா அது காட்டிக் கொடுக்கிறது. ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் தம்பி, நடுவுல என்னை நிறுத்தாதீங்க. நீங்க சொன்னாத்தான் அதுக்குப் பேரு சொல்றது.”

கதவைத் தட்டாமல் யாரோ முழங்கையால் தள்ளினார்கள்.

“அக்கா, கதவை நீயே சாத்திடு. என்னால முடியாது.”

தம்பிதான். இரண்டு கையிலும் மணிக்கட்டுக்கு மேல் வரை கட்டு. தொழிற்சாலையில் அவனுக்குக் கடிகாரம் என்று பெயர். வெயிலானாலும் மழையானாலும் மணிக்கு ஒருதடவை மேலே ஏறிவிடுவான். கடிகாரம் போகுது பாரு என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். அன்றைக்கு அண்டாவின் பாதுகாப்புத் தகடு வெடித்துக் கொதிக்கிற திரவம் கொட்டியபோது, ஓடாமல் நின்று குழாய்களை ஒவ்வொன்றாக மூடியதும் அவன்தான். கை வெந்தது அதில்.

“உட்காருடா. வலிக்குதா?”

“வலி தாங்கிக்கலாம்க்கா. மூக்கு அரிக்குது பாரு, அதுதான் கொடுமை.”

“பொண்டாட்டியைச் சொறிஞ்சு விடச் சொல்றதுதானே?”

“கேட்டேன். கிடைச்சது சாக்குன்னு கிள்ளி வச்சுட்டா.”

அவள் சிரித்துக்கொண்டே டீயை ஆற்றி டம்ளரை அவன் வாயருகே பிடித்தாள். இரண்டு வாய் குடித்துவிட்டுத் தலையை நகர்த்திக்கொண்டான்.

“ஆஸ்பத்திரியிலிருந்துதான் வரேன் அத்தான்” என்றான். “அந்த டிரம் உருட்டுறவரைப் பார்த்தேன். கீழே நின்னவரு. இடது கண்ணுல பார்வை திரும்பாதாம். அவரு வீட்டம்மா என்னை உட்காரச் சொல்லி நாற்காலி போட்டாங்க. நான் யாருன்னு அவங்களுக்குத் தெரியல.”

“நீ எதுக்கு மாப்ள அங்கெல்லாம் போற, இந்தக் கையோட?”

“கால் நல்லாத்தானே இருக்கு.”

அவன் தாடையால் சட்டைப் பையைக் காட்டினான். “அக்கா, இதுல ஒரு வெள்ளைத்தாள் இருக்கு, எடு. விசாரணைக்கு முன்னாடி நடந்ததை எழுதித் தரணுமாம். என்னால எழுத முடியல, கையில பேனாவே நிக்கல. அத்தான், நீங்க எழுதுங்க. கைரேகையாவது வைக்கலாம்னா அதுக்கும் விரல் வெளியில இல்ல. பேனாவைப் பல்லால கடிச்சாவது கையெழுத்துப் போடுறேன்.”

“நான் எழுதினா நல்லா இருக்காது. வேற யாரையாவது—”

“உங்க எழுத்து அங்க எல்லாருக்கும் தெரியும். நம்புவாங்க.”

அவள் தாளை மேசையில் விரித்தாள். பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிக் கணவரின் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். அவரைப் பார்க்கவில்லை. அவர் பேனாவை எடுத்தார்.

“ரெண்டு மணிக்கு ஷிப்ட் எடுத்தேன்னு எழுதுங்க.”

எழுதினார்.

“தாளைப் பார்த்தேன். தண்ணி அழுத்தம் மூணு. நான் மேல ஏறிப் பார்க்கல.”

பேனா நின்றது. “அதை எதுக்கு எழுதணும்?”

“பார்க்கல, அத்தான். வேற யாரு எழுதியிருந்தாலும் ஏறியிருப்பேன். எவன் எழுதினாலும் நான் நம்பினதில்ல, அதுக்குத்தானே கடிகாரம்னு கேலி. அன்னிக்கு உங்க எழுத்து. நீங்க வேற முழங்கால் வலின்னு நொண்டிக்கிட்டே கையெழுத்துப் போட்டுட்டுப் போனீங்க. இந்தக் காலோட மனுஷன் ஏறிப் பார்த்துட்டு வந்திருக்காரு, அதுக்கு மேல நான் ஏறிப் பார்த்தா உங்களைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடுமேன்னு தோணிச்சு.”

அவள் டம்ளரைக் கழுவுமிடத்தில் வைத்தாள். தண்ணீரைத் திறக்கவில்லை.

“அப்புறம் இதை எழுதுங்க. திரவத்து வால்வும் தண்ணி வால்வும் பக்கத்துல பக்கத்துல இருக்கு. ரெண்டுக்கும் ஒரே மாதிரி சக்கரம். திறக்கும்போது நான் கை தவறித் தண்ணியை மூடியிருக்கலாம்.”

“மூடினியா?” என்றாள் அக்கா.

“ஞாபகம் இல்லக்கா. மூடினதா ஞாபகமே இல்ல. ஆனா யோசிச்சுப் பாரு, ரெண்டு மணிக்கு மூணு இருந்திருக்கு. அதுக்கப்புறம் அந்தப் பக்கம் போனது நான் ஒருத்தன். பேயா வந்து மூடும்? மூணு நாளா இந்தக் கையைப் பார்த்துக்கிட்டே இருக்கேன். கட்டுக்குள்ள இருக்கு, இருந்தாலும் பார்க்கிறேன். என் கை எனக்குத் தெரியாம ஒண்ணு செஞ்சிருந்தா, நாளைக்கு எதை நம்பி நான் ஒரு சக்கரத்தைத் தொடுவேன்?”

அவர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். “மாப்ள, அவசரப்பட்டு எழுதவேண்டாம். பார்த்துக்கலாம்.”

“மூணு மணிக்கு விசாரணை. எப்ப பார்க்கிறது? எழுதிட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போயி அந்தம்மாகிட்ட, உங்க வீட்டுக்காரரு கண்ணு என்னாலதான் போச்சுன்னு சொல்லிடலாம்னு இருக்கேன். சொல்லாம அந்த நாற்காலியில இன்னொரு தடவை என்னால உட்கார முடியாது.”

அவள் இப்போது கணவரை நேராகப் பார்த்தாள். அவர் தாளைப் பார்த்தார். ‘ஏறிப் பார்க்கல’ என்ற இடத்தில் மை கொஞ்சம் பரவியிருந்தது.

தம்பி கட்டுப் போட்ட கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தான்.

“எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் உறுதி பண்ணிக்கிறேன் அத்தான். ரெண்டு மணிக்கு நீங்க மேல ஏறிப் பார்த்தப்போ, முள்ளு மூணுலதானே நின்னுச்சு?”